பேய்ப்படமும் பெரியோர் ஏளனமும்

கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழரின் தாழ்வுக்குக் காரணம் கூற மேடையேறுவோர் பன்னெடுங்காலமாக ஒரே பட்டியலையே படித்து வருகின்றனர். கள், கடன், சினிமா என்பன அப்பட்டியலின் தலைப்புகள். சினிமாவிலும் இழிந்தது எது என்று கேட்டால் தயங்காமல் விடை வரும்: பேய்ப்படம். குடும்பப் படம் பார்த்து அழுபவனுக்கு மன்னிப்பு உண்டு. புராணப் படம் பார்ப்பவனுக்குப் பாராட்டே உண்டு. மண்டையோடு பறப்பதையும் மந்திரவாதி மனிதனைக் கிளியாக்குவதையும் கண்டு கைதட்டுபவனோ, மேடைப் பேச்சாளர் கண்ணில் திருத்தவே இயலாத பாமரன். விட்டலாச்சார்யா படம் என்ற தொடரே தமிழில் ஒரு வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. நம்பத்தகாத செய்தியைக் கேட்டால் அதனை அப்பெயரால் அழைத்து நகைப்பது படித்தவர் வழக்கமாயிற்று.

இந்த ஏளனம் பிழையானது. இந்நாட்டுத் தமிழ்க் கலைக்கு அது பெரும் இழப்பையும் தேடித் தந்தது. அவ்விழப்பின் கணக்கை யாரேனும் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில், அத்தகைய படங்கள் எங்கே, எவ்வாறு பார்க்கப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் ஆகிய நகரங்களில் திரையரங்குகள் இருந்தன. ஆயினும் பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு நகரம் என்பது சம்பளநாளில் மட்டும் எட்டிய இடம். ஆகவே படமே தோட்டத்தைத் தேடி வந்தது. வண்டியில் கருவியோடு வந்தவர் திடலில் இரு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார். லயத்து வீடுகளிலிருந்து பாயும் பலகையும் சுமந்து மக்கள் வருவர். முன்புறம் இடம் கிடைக்காதோர் துணியின் பின்புறம் அமர்ந்து, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிய, கதாநாயகன் இடக்கையால் வாள் வீச, அதே படத்தைப் பார்ப்பர். நள்ளிரவில் திடல் கலையும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும். திரையில் எந்த இருட்டைக் கண்டு அஞ்சினார்களோ அதே இருட்டுக்குள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரைநிரையாக நிற்கும் இரப்பர் மரங்களிடையே தனித்தனியே நடந்து போகவேண்டும். பேய்ப்படத்தை இவர்களைப் போல் உடலால் உணர்ந்து பார்த்தோர் உலகில் அதிகம் இருக்க முடியாது. குளிரூட்டப்பட்ட அரங்கில் அமர்ந்து பார்த்துவிட்டுக் காரில் வீடு திரும்பியவர்களா இவர்களுடைய இரசனைக்கு மதிப்பெண் இடுவது?

இனி, வசைச்சொல்லாகிப்போன அந்த மனிதரைப் பார்ப்போம். பி. விட்டலாச்சார்யா 1920இல் உடுப்பி அருகே பிறந்தவர். மைசூர்ப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டும் கூடாரக் கொட்டகைத் தொழிலிலிருந்து படத்தயாரிப்புக்கு வந்தவர். கன்னடத்தில் தொடங்கி, பின் சென்னைக்குக் குடிபெயர்ந்து, விட்டல் புரொடக்ஷன்ஸ் என்னும் தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் தெலுங்குப் படங்களை எடுத்துக் குவித்தார். 1999இல் அவர் மறைந்தபோது, எடுத்து முடித்த படங்கள் எழுபதையொட்டி இருந்தன. தெலுங்கு நாட்டார் அவரை நாட்டார்கதைப் படங்களின் பிரம்மா என்று போற்றுகின்றனர். தமிழில் குரல் மாற்றி வந்தபோது அதே படங்களுக்கு ஏளனம் பரிசாகக் கிடைத்தது. மொழி மாறியதும் மதிப்பும் மாறுமோ?

அவர் கைக்கொண்ட முறை எளிமையானது. பெரிய நிறுவனங்கள் ஒரு படத்துக்கு ஒரு கோட்டை கட்டும். விட்டலாச்சார்யா ஒரு கோட்டையைக் கட்டிப் பல படங்களை எடுப்பார். உடைகள் மறுபடி மறுபடி உடுத்தப்படும். படப்பிடிப்பு குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடியும். நடிகர் எவரேனும் ஊதியத்தை உயர்த்தக் கேட்டோ நாள் கொடுக்காமலோ தகராறு செய்தால், மந்திரவாதியின் சாபம் ஒன்றால் அவரை ஆடாகவோ கிளியாகவோ மாற்றி, மிச்சக் கதையை அந்த விலங்கை வைத்தே முடித்துவிடுவார் என்று திரையுலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கும். கதை உண்மையோ புனைவோ, அதில் ஒரு பொருள் இருக்கிறது. நட்சத்திரத்தின் தயவில் உயிர் வாழ்ந்த ஒரு தொழிலில், நட்சத்திரம் இல்லாவிடினும் படம் முடியும் என்று காட்டியவர் அவர். என். டி. ராமராவை வைத்து 1963இல் 'பந்திபோட்டு' எடுத்தவரும் அவரே. பெரிய நடிகர் எவருமின்றி 1978இல் 'ஜகன்மோகினி'யை எடுத்து ஊரையே திரட்டியவரும் அவரே.

'ஜகன்மோகினி'யில் ஒரு காட்சி தமிழர் நெஞ்சில் இன்றுவரை நிற்கிறது. பேய் அடுப்பு மூட்டிச் சமைக்கிறது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் செருகி எரிய விடுகிறது. அறிஞர் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டனர். தோட்டத்துப் பெண்ணோ வாய்விட்டுச் சிரித்தாள். நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பால் வெட்டி, வாளி சுமந்து, மாலையில் மறுபடி அதே அடுப்பின் முன் குந்துபவள் அவள். தன் காலை விறகாக வைத்துக் குடும்பத்துக்குச் சோறாக்குபவளைப் பற்றி அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இயக்குநர் இவ்வளவையும் எண்ணித்தான் அக்காட்சியை அமைத்தார் என்று வாதிடுவது மிகையாகும். மலிவான ஒரு தந்திரக் காட்சியாகவே அதை எடுத்திருக்கக்கூடும். ஆனால் நாட்டார் கதைகளும் இப்படித்தான் பிறந்தன. சொன்னவன் நினைத்ததைவிடக் கேட்டவள் கண்டுகொண்டது அதிகம்.

எதிர்ப்போர் வாதங்கள் இரண்டு. அவற்றைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது.

ஒன்று, இப்படங்கள் மூடநம்பிக்கையை வளர்த்தன என்பது. பேயைத் திரையில் கண்டுதான் தோட்டத்து மக்கள் பேயை நம்பத் தொடங்கினர் என்று எண்ணுவோர் தோட்டத்தை அறியாதவர். எல்லையில் முனியாண்டிக்குக் கல் நட்டுவிட்டுத்தான் காட்டை அழிக்கத் தொடங்கிய மக்கள் அவர்கள். சொல்லப்போனால், துணியில் ஆடும் எலும்புக்கூட்டின் கயிறு தெரிவதைக் கண்டு சிறுவர்கள் கூச்சலிட்டுச் சிரித்த இடமும் அந்தத் திடல்தான்.

மற்றொன்று, பெண்ணுடலைக் காட்டிக் காசு பார்த்தன என்பது. இது உண்மை. 'ஜகன்மோகினி'யின் வெற்றியில் ஜெயமாலினியின் ஆட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆயினும், அதே ஆட்டத்தைப் பெரிய நிறுவனங்களின் 'தரமான' படங்கள் நடுவே ஒரு பாட்டாகச் செருகியபோது எவரும் மேடையேறிக் கண்டிக்கவில்லை. அங்கே அவள் ஆடிவிட்டுப் போய்விடுவாள். கதையில் அவளுக்கு வேலையில்லை. பேய்ப்படத்திலோ கதையே அவளுடையது. ஏமாற்றப்பட்டுச் செத்தவள் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறாள். இரண்டில் எது இழிவு என்று அமைதியாகச் சிந்தித்தல் நலம்.

சினிமாவை இரண்டாவது கள் என்று சொல்வோரும் உளர். கெடாவில் இவ்வுவமையைக் கையாள்வோர் சற்று எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கள் இங்கு வெறும் உவமையன்று. அதற்காக இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடை மறியல் நடத்தியது. அவ்வாண்டு மார்ச்சில் பீடோங்கிலும், ஏப்ரல் இறுதியில் கூலிம் வட்டார டப்ளின் தோட்டத்திலும் காவற்படையோடு மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின. கொடுத்த கூலியைக் கொடுத்த இடத்திலேயே திரும்பப் பறிக்கும் பொறி என்பதால்தான் அத்தொழிலாளர் கள்ளுக்கடையை எதிர்த்தனர். திடலில் கட்டிய துணி அத்தகைய பொறியன்று. குடித்தவன் தனியே விழுந்து கிடந்தான். படம் பார்த்தவர்கள், சாதி பார்த்துத் தனித்தனி லயத்தில் வாழ்ந்தவர்கள்கூட, ஒரே திடலில் ஒரே நொடியில் அலறினார்கள்.

இனி இழப்பின் கணக்குக்கு வருவோம். பேய்ப்படம் தமிழனுக்கு இழிவு என்று தமிழறிஞர் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இம்மண்ணின் பேயை இம்மண்ணில் படமாக்கிப் புகழ் பெற்றவர் யார்? 1957 ஏப்ரலில் சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' திரைக்கு வந்தது. எடுத்தது கேத்தே–கிரிஸ் நிறுவனம். லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் 1953இல் சேர்ந்து தொடங்கியது அது. தொழிலில் முன்னமே வேரூன்றியிருந்த ஷா சகோதரர்களுக்கு எதிரே நின்ற புதிய போட்டியாளர். கூன் விழுந்து, அழகிழந்து, ஊராரால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண் அழகியாகி மணமுடித்து, பின் இரத்தம் குடிக்கும் பேயாவதே கதை. மரியா மெனாடோ அவளாக நடித்தார். மலாய்க் கம்பத்துக் கதை சீன மொழியில் குரல் மாற்றப்பட்டுக் கடல் கடந்தும் ஓடியது. அதே ஆண்டிலேயே இரண்டாம் பாகம். அடுத்த ஆண்டில் மூன்றாம் பாகம். ஷா நிறுவனமும் பொறுக்கமாட்டாமல் தன் பேய்களை அவிழ்த்துவிட்டது.

இயக்கியவர் பி. என். ராவ். மலையாளக் கரையில் பிறந்து, தமிழ்ப் படவுலகில் தொழில் பழகியவர். 1945இல் 'சாலிவாகனன்' என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவர், அதில் எம். ஜி. இராமச்சந்திரனும் நடித்திருந்தார். அவர் மட்டுமா? மலாய்ப் படவுலகின் தொடக்கப் படமாகக் கருதப்படும் 1934ஆம் ஆண்டு 'லைலா மஜ்னூன்' ஓர் இந்தியர் இயக்கியது. பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' 1950இல் எல். கிருஷ்ணன் இயக்கியது. கே. எம். பாஸ்கர், எஸ். இராமநாதன் என்று பெயர்கள் நீளும். தென்னிந்தியரின் தொழிலறிவு மலாய் மக்களின் பேய்க்கு உயிர் கொடுத்தது. குற்றமில்லை, பெருமையே. தமிழ்த் தோட்டத்தின் பேய்க்கு மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. அதுதான் வியப்பு. கேட்டிருந்தால் முதலில் தடுத்திருப்போர் தமிழ்ப் பெரியோர்களே என்பதில் ஐயமில்லை.

கெடாவின் கதையே இதற்கு நல்ல சான்று. சமையற்காரியின் விரல் வெட்டுப்பட்டு ஒரு துளி இரத்தம் கீரைக்குழம்பில் விழ, அதைச் சுவைத்த அரசன் நர இரத்தத்துக்கு அடிமையாகிக் கோரைப்பல் முளைத்துத் திரிந்தான் என்பது இம்மாநிலத்துப் பழங்கதை. ராஜா பெர்சியோங் எனப்படும் அவன் தன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங் என்பர். மலாயில் அச்சொல்லுக்கு எறிதல் என்று பொருள். இக்கதையை எழுதிப் படமாக்கத் தந்தவர் யார் தெரியுமா? அலோர்ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், நாட்டின் முதல் பிரதமர். ஜமில் சூலோங் இயக்கத்தில் 1968இல் அப்படம் வந்தபோது துங்கு பதவியில் இருந்தார். இரத்தம் குடிக்கும் அரசனின் கதையைத் தம் பெயரில் வெளியிட நாட்டின் தலைவர் கூசவில்லை. அதே பாலிங் வட்டாரத்தில் பால் வெட்டிய தமிழரின் கதைகளைத் தாளில் எழுதவும் தமிழ்ப் படிப்பாளிகள் கூசினார்கள்.

அக்கதைகள் யாவை? ஜப்பானியர் ஆட்சியில் கெடாத் தோட்டங்களிலிருந்தும் ஆண்கள் சயாம் மரண இரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். மலாயா முழுவதிலும் போய்த் திரும்பாத தமிழர் பல்லாயிரம் பேர். அவர்களுக்குப் புதைகுழியில்லை, கருமாதியில்லை. லயத்து வாசலில் காத்திருந்தே கிழவியான மனைவிமார் மட்டும் இருந்தனர். முறைப்படி அடக்கம் பெறாத உயிர் அலைந்து திரியும் என்பது தமிழர் பழைய நம்பிக்கை. அவ்வகையில் பார்த்தால் கெடாவின் ஒவ்வொரு தோட்டமும் பேய்கள் நிறைந்த தோட்டமே. 1947இல் விழுந்த உயிர்கள் இருக்கின்றன. பிரசவத்தில் மருத்துவமின்றி மாண்ட பெண்கள் இருக்கின்றனர். அநியாயமாகச் செத்தவர் திரும்பி வந்து வாசற்படியில் நின்று கேள்வி கேட்பதற்குப் பேய்ப்படத்தைவிடப் பொருத்தமான வடிவம் எது? சிறுகதையில் தோட்டம் வந்தது. கங்காணியும் கிராணியும் கள்ளுக்கடையும் வந்தன. பேய் பெரும்பாலும் மூடத்தனத்தைச் சுட்டிக்காட்டவே வந்தது. கடைசிப் பத்தியில் படித்த இளைஞன் விளக்கேற்றி அதை விரட்டிவிடுவான். துரத்தப்பட்டது யார் என்று அவ்விளைஞன் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மலிவுச் செலவு கலைக்குப் பகை என்போர் வெளியுலகைக் கொஞ்சம் பார்க்கட்டும். அமெரிக்காவில் ரோஜர் கார்மன், வேறு படத்துக்குப் போட்டிருந்த அரங்கைப் பயன்படுத்தி, 1960இல் ஒரு முழுநீளப் படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார். விட்டலாச்சார்யாவுக்கு அண்ணன் முறை எனலாம். அவரிடம் தொழில் கற்றவர்களில் கப்போலாவும் ஸ்கோர்செசியும் அடக்கம். 2009இல் ஆஸ்கார் குழுவே அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. பிட்ஸ்பர்க் நகர இளைஞர் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் நண்பர்களோடு சேர்ந்து கறுப்பு வெள்ளையில் எடுத்த பிணங்களின் படம், இன்று அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கப்படுகிறது. ஒரு கறுப்பின நடிகரை அதன் நாயகனாக்க அவருக்குப் பெரிய நிறுவனம் எதன் அனுமதியும் தேவைப்படவில்லை. பெரிய பணம் இல்லாததால் பெரிய அச்சமும் இல்லை.

இங்கோ பாதுகாப்பு என்ற பேச்சே பிந்தி வந்தது. 'பொந்தியானாக்' வரிசையின் முதலிரண்டு படங்களும் அழிந்துபோனதாகவே கருதப்படுகின்றன. மக்கள் முண்டியடித்துப் பார்த்த படங்கள் அவை. ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. மட்டம் என்று சொல்லப்பட்ட பொருளை யார் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்?

இந்நாட்டின் முதல் தமிழ்ப் படம் என்று பலரும் குறிப்பிடுவது, 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த 'இரத்தப் பேய்'. பெயரைக் கவனிக்கவேண்டும். கையில் காசின்றி, அரங்கின்றி, முன்மாதிரியின்றித் தொடங்கியவர்கள் இயல்பாகவே பேயிடம்தான் போனார்கள். அவ்வழி தொடர்ந்து நடக்கப்பட்டிருந்தால் இன்று இங்கே ஐம்பது ஆண்டுத் தொழில் ஒன்று இருந்திருக்கும். ஒளிப்பதிவாளர், தச்சர், ஒப்பனைக்காரர் என்று தலைமுறைகள் வளர்ந்திருக்கும். அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது. தமிழகத்துப் படத்தை இறக்கிப் பார்ப்பதும், பார்த்தவரை ஏசுவதும் ஆகிய இரு தொழில்களே செழித்தன.

புதியவர்கள் வராமல் இல்லை. சஞ்சை குமார் பெருமாள் குறைந்த செலவில் எடுத்து 2015இல் வெளியிட்ட 'ஜகாட்', தோட்டம் இழந்து வந்த குடும்பத்தில் ஒரு சிறுவன் வளர்வதைக் காட்டியது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அது முதலில் மலாய் அல்லாத மொழிப் படங்களுக்கென ஒதுக்கிய பிரிவில் வைக்கப்பட்டது. மலாய்க் கலைஞர்களே வெகுண்டெழுந்து எதிர்த்தனர், பிரிவு மாற்றப்பட்டது, மலேசியாவின் சிறந்த படம் என்ற விருதை 'ஜகாட்' பெற்றது. விருதுக்குப் பின் தமிழ்ப் பெரியோர் மாலையோடு வந்தனர். படம் திரையரங்கில் ஓடியபோது அவர்களில் எத்தனை பேர் சீட்டு வாங்கினார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம்.

இன்று கெடாவின் இரப்பர்த் தோட்டங்களில் பல செம்பனையாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. படம் காட்டிய திடல் எங்கே இருந்தது என்று காட்டக்கூட ஆளில்லாத இடங்கள் உண்டு. ஆனால் அந்தத் துணிக்குப் பின்புறம் அமர்ந்து படம் பார்த்த கிழவர்களும், சயாமுக்குப் போன தகப்பனின் கதையைத் தாய் சொல்லக் கேட்ட கிழவிகளும் பாடாங் செராயிலும் லூனாஸிலும் பீடோங்கிலும் இன்னும் இருக்கின்றனர். எந்த நிரையில் யாரைக் கண்டார்கள், எந்தக் கிணற்றடியில் யார் அழுதாள், எந்த லயத்தின் கடைசி வீடு ஏன் பூட்டியே கிடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றைப் பதிவு செய்ய ஒரு கைபேசியும், நாட்டிலுள்ள சங்கங்கள் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் தொகையும் போதும். அவற்றைக் கதையாக்கவும், கதையைப் படமாக்கவும் இளைஞர் இருக்கின்றனர், கேமரா இருக்கிறது. எடுத்தால் மட்டமாகத்தான் வரும், முதல் படம். எலும்புக்கூட்டின் கயிறு தெரியும். தெரியட்டும்.